இரண்டு பக்கமும் சமம் என்றார்கள்: பாராகிளைடர் லைன் அளவில் நான் ஏமாந்த இடம்

போன அக்டோபரில் இமாச்சலப் பிரதேசத்தின் பாராகிளைடிங் தலமான பீர் பில்லிங்கில் என் விங் (பாராகிளைடரின் துணி இறக்கை) மூன்று நாளாக ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தது. எனக்குத்தான் புரியவில்லை. முதல் நாள் டேக்-ஆஃபில் காற்று நேராக, நிதானமாக வந்தது. விங்கை எழுப்பினால் பாதி தூரம் நன்றாக ஏறி, தலைக்குமேல் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. முன்வரிசைக் கயிறுகள் சேரும் பட்டையை, அதாவது ஏ ரைசரை, இன்னும் இரண்டு நொடி பிடித்து இழுத்த பிறகுதான் மேலே வந்தது. 2,400 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு, அதனால்தான் சோம்பலாக ஏறுகிறது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். இரண்டாம் நாள், அதே எடையில் அதே வகை விங்கில் பறந்த நண்பர் ஒவ்வொரு கிளைடிலும் என்னைத் தாண்டிப் போனார். அதற்கும் காற்றைத்தான் காரணமாக நினைத்தேன். மூன்றாம் நாள் தரையிறங்கும் மைதானத்துக்கு மேலே உயரம் குறைக்க பிக் இயர்ஸ் போட்டேன், அதாவது விங்கின் இரண்டு ஓரங்களையும் கீழே மடித்தேன். விட்ட பிறகு இரண்டு ஓரமும் திறந்துவிட்டன, ஆனால் காதில் காற்றுச் சத்தம் திரும்ப வரவில்லை. விங் முழுதாக விரிந்திருக்கிறது, நான் மட்டும் கல்லைப் போல நேர்கீழே இறங்கிக்கொண்டிருக்கிறேன். டீப் ஸ்டால்: விங் விரிந்தே இருக்கும், ஆனால் முன்னோக்கிப் பறக்காது. கையை முழுக்க மேலே விட்டு, ஸ்பீட் பாரை (விங்கின் முன்பக்கத்தைத் தாழ்த்தி வேகம் கூட்டும் மிதி) மிதித்தேன். விங் முன்னால் பாய்ந்து மீண்டும் பறக்கத் தொடங்கியது. இறங்கிய பிறகு அரை மணி நேரம் ஹார்னஸைக் கழற்றக்கூடத் தோன்றாமல் புல்லில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த விங்கை 1,45,000 ரூபாய்க்குப் பழையதாக வாங்கியிருந்தேன். ஐரோப்பியப் பாதுகாப்புத் தரத்தில் ஈஎன் பி வகை, மூன்று வரிசை லைன் (விங்கைத் தாங்கும் கயிறுகள், முன்னாலிருந்து பின்னால் ஏ, பி, சி), நான்கு வயது. வாங்கும் முன் ஓரிடத்தில் 4,500 ரூபாய் கொடுத்து 'செக்' செய்தும் வாங்கினேன். துணி நன்றாக இருக்கிறது, லைன் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. வலது ரைசரையும் இடது ரைசரையும் ஒன்றாகப் பிடித்து, லைன்களைச் சேர்த்து இழுத்து, முனைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்திருக்கிறார்கள். ஒத்துத்தான் போயின. ஆனால் லைன்கள் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் மாறும். வலது சி லைன் 15 மி.மீ. சுருங்கினால் இடது சி லைனும் ஏறக்குறைய அதே அளவு சுருங்கியிருக்கும். இடதையும் வலதையும் ஒப்பிட்டால் இது தெரியவே தெரியாது. ஒப்பிட வேண்டியது ஏ வரிசையை சி வரிசையோடு. அதுவும் தயாரிப்பாளர் தந்திருக்கும் அட்டவணையை வைத்து. இந்த ஒரு விஷயத்தை யாராவது முன்பே சொல்லியிருந்தால் எனக்கு ஒன்பது நாள் விடுமுறையும், பயணம், தங்குமிடம் என்று போன 22,000 ரூபாயும் மிஞ்சியிருக்கும். பணம் போகட்டும், மைதானத்துக்கு மேலே இன்னும் உயரம் இருந்ததால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஏன் சி வரிசை மட்டும் சுருங்குகிறது? பறக்கும்போது எடையின் பெரும்பங்கை ஏ, பி வரிசைகள்தான் தாங்குகின்றன. அவை ஒவ்வொரு பறப்பிலும் இழுபட்டுக்கொண்டே இருப்பதால் கொஞ்சம் நீள்கின்றன, அல்லது அப்படியே இருக்கின்றன. சி வரிசைக்கும் பிரேக்குக்கும் (விங்கின் பின்விளிம்பை இழுக்கும் லைன்கள்) இழுப்பு குறைவு. டைனீமா என்ற செயற்கை இழை லைனாக இருந்தால் இழுப்பில்லாமல் கிடக்கும்போது தானாகவே சுருங்கும், வெப்பம் பட்டால் இன்னும் வேகமாக. மேலே பாலியஸ்டர் உறை போட்ட லைன்களில் இன்னொரு விஷயமும் உண்டு. உறைக்குள் ஈரமும் நுண்மணலும் புகுந்து, நெசவு தடித்து, நீளம் குறையும். கெவ்லார், டெக்னோரா போன்ற அராமிட் லைன்கள் இந்த அளவுக்குச் சுருங்காது. அவற்றுக்குப் பகை வெயிலும், திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் மடிவதும்தான். என் விங்கின் முந்தைய சொந்தக்காரர் கடலோர ஊர்க்காரர். மழைக்கால மாதங்கள் முழுவதும் அது ஒரு பரணில் கிடந்திருக்கிறது. பிறகு கவனித்தபோது சி லைனை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தாலே தெரிந்தது. ஏ லைன் வழவழவென்று நூல் மாதிரி வளைகிறது. சி லைன் கஞ்சி போட்ட கயிறு மாதிரி விறைத்து, உறையின் இழைகளுக்கு நடுவில் சாம்பல் நிறத் தூளோடு இருந்தது. பழைய விங் பார்க்கப் போகும்போது முதலில் இதைச் செய்யுங்கள், இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

பின் வரிசை குட்டையானால் விங்கின் பின்பாதி கீழே இழுபடுகிறது. அதாவது நாம் பிரேக்கைத் தொடாவிட்டாலும், காற்றைச் சந்திக்கும் கோணம் நிரந்தரமாக அதிகமாகிவிடுகிறது. கணக்கு எளிது. என் விங்கின் நடுப்பகுதியில் ஏ இணைப்பிலிருந்து சி இணைப்பு வரை சுமார் 1.3 மீட்டர். ஏ-க்கும் சி-க்கும் 20 மி.மீ. வித்தியாசம் வந்தால் கோணம் ஏறக்குறைய 0.9 டிகிரி கூடும். ஒரு டிகிரிகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் ஸ்டாலுக்கு முன் நம்மிடம் இருக்கும் இடைவெளியே சில டிகிரிதான், அதிலிருந்துதான் இது கழிகிறது. டேக்-ஆஃபில் விங் பின்னால் தொங்குவது, வேகம் குறைவது, குறைவான பிரேக்கிலேயே ஸ்பின் ஆக (ஒரு பக்கம் மட்டும் ஸ்டாலாகி விங் சுழல) வாய்ப்பு, பிக் இயர்ஸ் விட்ட பிறகும் டீப் ஸ்டாலில் மாட்டிக்கொள்வது எல்லாம் ஒரே காரணத்தின் வெவ்வேறு முகங்கள். பிக் இயர்ஸில் இழுவை கூடி கோணமும் கூடுகிறது. அதனால்தான் பிக் இயர்ஸ் போட்டவுடன் ஸ்பீட் பாரையும் மிதிக்கச் சொல்கிறார்கள். அன்று நான் மிதிக்கவில்லை.

ஊர் திரும்பியதும் அளந்துவிடுவது என்று முடிவு செய்தேன். இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை, பத்து மீட்டர் நீளமுள்ள ஒரு கூடம் போதும். நாங்கள் இரண்டு பேர் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். தேவைப்பட்டவை: கட்டடக்காரர்கள் வைத்திருக்கும் லேசர் மீட்டர், சுவரில் உறுதியான ஒரு கொக்கி, 5 கிலோ எடை, ஒரு சிறிய கப்பி, தபால் அட்டை அளவில் ஒரு வெள்ளைத் தகடு, தயாரிப்பாளரின் லைன் அட்டவணை. அட்டவணை விங்கின் கையேட்டிலேயே இருக்கும். அதில் முதலில் தேட வேண்டியது, எங்கிருந்து எங்கே அளந்திருக்கிறார்கள் என்பது. சிலர் துணியிலுள்ள இணைப்பிலிருந்து மெயிலான் (லைனை ரைசரோடு பிணைக்கும் சின்ன உலோக வளையம்) வரை தருவார்கள், சிலர் ரைசரையும் சேர்த்து, ஹார்னஸின் காரபினர் கொக்கி மாட்டும் இடம் வரை தருவார்கள். அதைக் கவனிக்காமல் அளந்தால் அரை மீட்டர் வித்தியாசம் வந்து நிற்கும். இழுவிசை பெரும்பாலும் 50 நியூட்டன், நம் கணக்கில் 5 கிலோ.

ரைசரின் அடி வளையத்தைச் சுவர்க் கொக்கியில் மாட்டினோம். ஸ்பீட் பார் விடுபட்டிருக்க வேண்டும், டிரிம்மர் (ரைசரின் நீளத்தை மாற்றும் பட்டை) உள்ள, இருவர் பறக்கும் டேண்டம் விங் என்றால் டிரிம்மரை முழுதாக மூடிவிட வேண்டும். முதலில் ரைசர்களை மட்டும் அளந்துகொள்ளுங்கள், அதில் தவறு இருந்தால் மேலே எல்லா எண்ணும் தவறாகிவிடும். மறுமுனையில் துணியிலுள்ள இணைப்பு நாடாவில் ஒரு சின்னக் கொக்கி, அதிலிருந்து கப்பி வழியாக 5 கிலோ எடை. கொக்கியோடு தகடு. லேசர் சுவர்ப் பக்கத்தில் அசையாமல் இருந்து தகட்டைப் பார்த்து அடிக்கும். தொடக்கத்தில் எடை, கப்பியெல்லாம் எதற்கு, கையால் லக்கேஜ் தராசை இழுத்துக்கொண்டால் போதும் என்று நினைத்தோம். ஒரே லைனை மூன்று முறை அளந்து மூன்று எண் வந்தது, நடுவில் 10 மி.மீ. வித்தியாசம். நாம் தேடுவதே அந்த அளவு வித்தியாசத்தைத்தான், அதனால் முதல் ஒரு மணி நேர வேலையைக் கிழித்துப் போட்டோம். எடை தொங்கி, ஆட்டம் நின்று, ஐந்து நொடி கழித்து எடுத்த எண்கள் 2 மி.மீ.-க்குள் திரும்பத் திரும்ப ஒத்துப்போயின. விங் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அளக்கும் முன் எந்த லைனையும் இழுத்து நீட்டிப் பார்க்காதீர்கள். இழுத்தால் சுருக்கத்தின் ஒரு பகுதி அப்போதே போய்விடும், உண்மை நிலை தெரியாது.

என் விங்கில் ஒரு பக்கம் ஒவ்வொரு வரிசைக்கும் ரைசரிலிருந்து கிளம்பும் மூன்று முதன்மை லைன்கள், ஒவ்வொன்றும் மேலே நான்காகப் பிரிகிறது. ஆக ஒரு பக்கம் 36 புள்ளி, இரண்டு பக்கமும் 72, தவிர ஓர லைன்களும் பிரேக்கும். முதல் முறை ஐந்து மணி நேரம் ஆனது. எண்களை எழுதும்போது அளவை அப்படியே எழுதாமல், அட்டவணை எண்ணிலிருந்து எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்று எழுதுங்கள். பிறகு ஒரே முதன்மை லைனுக்கு மேலே உள்ள நான்கு புள்ளிகளின் சராசரியை எடுங்கள். எங்களுக்கு வந்தது இது: ஏ ஒன்று +5, ஏ இரண்டு +5, ஏ மூன்று +4. பி மூன்றுமே +3. சி ஒன்று −15, சி இரண்டு −13, சி மூன்று −9. இடதுக்கும் வலதுக்கும் எங்குமே 3 மி.மீ.-க்கு மேல் வித்தியாசம் இல்லை. 'இரண்டு பக்கமும் சமம்' என்ற வாக்கியம் அந்தத் தாளில் அப்படியே உண்மையாக இருந்தது. நடுப்பகுதியில் ஏ-க்கும் சி-க்கும் இடையே 20 மி.மீ. இருந்ததும் அதே தாளில்தான். லைன் நீளத்துக்குப் பொதுவாக எடுத்துக்கொள்ளும் வரம்பு அட்டவணை எண்ணிலிருந்து 10 மி.மீ. இப்பக்கம் அல்லது அப்பக்கம். பிரேக்கைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது, −35. டேக்-ஆஃபில் விங் பின்னால் தொங்கியதற்கு இதுவும் கூட்டாளி.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லா லைனும் ஒரேபோல +6 என்று வந்தால் பயப்படாதீர்கள். லேசர் வைத்த இடத்தில் 6 மி.மீ. தவறு இருந்தாலும் அப்படித்தான் வரும். அதோடு எல்லா வரிசையும் ஒன்றாக நீண்டால் கோணம் மாறாது. கவனிக்க வேண்டியது வரிசைகளுக்கு இடையேயான வித்தியாசம்தான். அதேபோல ஒரே குழுவில் ஒரு புள்ளி மட்டும் தனித்து −12 என்று நின்றால் டிரிம் (வரிசைகளின் நீளத்தைச் சரிசெய்வது) பற்றி யோசிக்கும் முன் அந்த லைனைக் கையால் தடவிப் பாருங்கள். உள்ளே முடிச்சு விழுந்திருக்கலாம், குச்சி சிக்கியிருக்கலாம், முன்பு யாரோ தவறான லைனை மாற்றிப் போட்டிருக்கலாம்.

சரிசெய்யும் வேலைக்கு அனுபவமுள்ள ஒரு டெக்னீஷியனிடம் போனேன், அளவுத் தாளையும் கையோடு கொண்டுபோனேன். அவர் முதலில் தன் லேசரில் மறுபடி அளந்தார். எங்கள் எண்களும் அவர் எண்களும் ஒத்துப்போனதில் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. அடுத்து சி வரிசையை மட்டும், ஒவ்வொரு முதன்மை லைனாக, 20 கிலோ எடையில் இரண்டு நிமிடம் இழுபட விட்டார். சுருங்கிய டைனீமா இதில் கொஞ்சம் திரும்பி வரும். மறுபடி அளந்தால் சி ஒன்று −8, சி இரண்டு −7, சி மூன்று −4. தயாரிப்பாளர் இந்த மாதிரி இழுப்பை அனுமதிக்கிறாரா, எவ்வளவு எடை என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே நீண்டிருக்கும் ஏ லைனை இப்படி ஒருபோதும் இழுக்காதீர்கள்.

மீதியை மெயிலானில் உள்ள லூப் வைத்துச் சரிசெய்தார். பல விங்களில் தொழிற்சாலையிலேயே லைனின் அடி வளையத்தை மெயிலானில் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றி அனுப்புகிறார்கள். பின்னால் லைன் சுருங்கும்போது அதை அவிழ்த்து நீளம் கொடுப்பதற்காகத்தான் அது. என் சி மெயிலானின் கறுப்பு ரப்பர் வளையத்தை ஒதுக்கிப் பார்த்தால் அந்தச் சுற்று யாரும் தொடாமல் அப்படியே இருந்தது. அவிழ்த்ததில் 8 மி.மீ. கிடைத்தது. சி ஒன்று 0, சி இரண்டு +1, சி மூன்று +4 என்று வந்து நின்றது. ஏ-க்கும் சி-க்கும் நடுவில் 20 ஆக இருந்தது 5 ஆகிவிட்டது. எல்லா லைனிலும் ஒரு சுற்றுக்கு 8 கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். லைனின் தடிமனையும் மெயிலானின் தடிமனையும் பொறுத்து மாறும், உறையில்லாத மெல்லிய லைனில் குறைவாக இருக்கும். ஒரு லைனில் செய்து, அளந்து, பிறகு அடுத்ததைத் தொடுங்கள். சி-யில் அவிழ்க்கச் சுற்று எதுவும் மிச்சமில்லை என்றால் ஏ-யிலும் பி-யிலும் சுற்று போட்டு வித்தியாசத்தைக் குறைப்பதும் வழக்கம். எப்படிச் செய்தாலும் லைனில் முடிச்சுப் போட்டு நீளம் குறைக்கக் கூடாது. முடிச்சு விழுந்த லைன் தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும்.

மெயிலானைத் திறக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திறக்க வேண்டும். அதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே லைன்கள் எந்த வரிசையில் அமர்ந்திருக்கின்றன என்பது முக்கியம். மூடும்போது விரலால் முழுக்கத் திருகி, பிறகு சாவியால் கால் சுற்று. அதற்கு மேல் முறுக்கினால் மரை கெடும். ரப்பர் வளையத்தையோ பிளாஸ்டிக் துண்டையோ மறக்காமல் திரும்பப் போட வேண்டும். இல்லாவிட்டால் லைன்கள் மெயிலானின் மூலைக்கு நகர்ந்து, மரையின் விளிம்பில் உரசும்.

பிரேக் லைன்களை இழுத்துப் பார்த்து நேரத்தை வீணாக்காமல் மேல் லைன்களைப் புதிதாக மாற்றச் சொன்னேன், 5,200 ரூபாய். கைப்பிடியை முழுக்க மேலே விட்ட நிலையில், விங்கின் பின்விளிம்பு அசையத் தொடங்கும் முன் சுமார் 10 செ.மீ. சும்மா இழுபட வேண்டும். ஸ்பீட் பாரை முழுக்க மிதித்தாலும் பிரேக் லைன் தளர்வாகவே இருக்க வேண்டும். கைப்பிடி ரொம்ப மேலே இருக்கிறது என்று பிரேக்கைக் குறைத்துக் கட்டுகிறவர்களை டேக்-ஆஃபில் நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொள்ளலாம்.

அளவு, டிரிம், துணியின் காற்றுக்கசிவுச் சோதனை, பலம் தெரிய ஒரு ஏ முதன்மை லைனை அறும்வரை இழுத்துப் பார்த்துப் புதிது போட்டது எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய், பிரேக் தனி. வாங்கும் முன்பே இதைச் செய்திருந்தால் அந்த 4,500-உம் போயிருக்காது, விலையிலும் குறைத்துக் கேட்டிருக்கலாம். பழைய விங் விற்பவரிடம் 'செக் செய்தது' என்ற சொல்லை ஏற்காதீர்கள். வரிசை வாரியாக ஒவ்வொரு புள்ளியின் வித்தியாசமும் எழுதிய தாளைக் கேளுங்கள். லைனின் பலம், துணியின் கசிவு, தேதி, அதுவரை பறந்த மணி நேரம் ஆகியவையும் அதில் இருக்க வேண்டும். தாள் இல்லையென்றால் சோதனைச் செலவை விலையில் கழித்துவிட்டுப் பேசுங்கள். பல தயாரிப்பாளர்கள் 24 மாதம் அல்லது 100 மணி நேரம், எது முந்துகிறதோ அப்போது சோதிக்கச் சொல்கிறார்கள். பரணில் கிடந்தாலும் மாதக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும். இரண்டு வரிசை லைன் மட்டுமே உள்ள விங்களில் சில மில்லிமீட்டரே பெரிய விஷயம், அவற்றை வீட்டில் அளந்து தெரிந்துகொள்ளலாமே தவிர, லூப்பைத் தொடாதீர்கள்.

டிரிம் செய்த விங்கோடு நேராக மலைக்குப் போகவில்லை. சமதரையில், மணிக்கு 15 கிலோமீட்டர் அளவு சீரான காற்றில் ஒரு மாலை முழுக்க எழுப்பி எழுப்பிப் பார்த்தேன். ஏ ரைசரை லேசாகத் தொட்டாலே தலைக்குமேல் வந்து நின்றது, ஒரு முறை முந்திக்கொண்டும் போனது. இத்தனை மாதமும் விங்கின் குணம் என்று நான் நினைத்திருந்தது குணமே இல்லை, நோய். பிறகு சின்னப் பயிற்சிக் குன்றில், காலையின் அமைதியான காற்றில் இரண்டு பறப்பு. பிரேக்கை மெதுவாகப் பாதி இழுத்து விட்டால் வேகம் உடனே திரும்புகிறதா, ஸ்பீட் பாரை விட்டபின் பின்னால் சாய்கிறதா, கையை விட்டால் ஒரு பக்கம் திரும்புகிறதா என்று மட்டும் பார்த்தேன். பிக் இயர்ஸை உயரம் நிறைய இருந்த மூன்றாவது பறப்பில்தான் தொட்டேன், ஸ்பீட் பாரோடு. விட்ட உடனே காதில் காற்று இரைந்தது.

இழுத்து நீட்டிய டைனீமா மறுபடி சுருங்கும் என்று டெக்னீஷியன் சொல்லியிருந்தார். அதனால் 20 மணி நேரம் பறந்த பிறகு அதே மண்டபத்தில் அதே 5 கிலோவை வைத்து சி வரிசையை மட்டும் அளந்தோம், முக்கால் மணி நேர வேலை. சி ஒன்று −4, சி இரண்டு −3, சி மூன்று +1. ஏ அப்படியேதான் இருந்தது. நடுவில் வித்தியாசம் 9. வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் அவிழ்க்க இனிச் சுற்று இல்லை. அடுத்த சீசனுக்கு முன் சி முதன்மை லைன்களைப் புதிதாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.